நண்பகல் வாக்கெடுப்பு: 1881இல் ஆல்பனி சட்டமன்றம் முடங்கிய கதை

1881 ஜூன் 9. நியூயார்க் மாநிலத்தின் தலைநகரான ஆல்பனியில் சட்டமன்றம் கூடியிருக்கிறது. சாமுவேல் பிராட்லி என்ற உறுப்பினர் எழுந்து நின்று ஒரு விஷயம் சொல்கிறார். சான்ஸி டெப்யூ என்பவருக்கு வாக்கை மாற்றிப் போடச் சொல்லித் தன்னிடம் 2,000 டாலர் கொடுத்தார்கள், அந்தப் பணத்தை அவைத்தலைவரிடம் ஒப்படைத்துவிட்டேன் என்கிறார். கொடுத்தவர் என்று அவர் காட்டியது லோரன் செஷன்ஸ் என்ற மாநில செனட்டரை. செஷன்ஸ் அடியோடு மறுத்தார். விசாரணைக் குழு அமைத்தார்கள், வழக்கும் நடந்தது. கடைசியில் நீதிமன்றம் அவரை விடுவித்துவிட்டது.

2,000 டாலர் அன்றைக்கு எவ்வளவு பெரிய தொகை என்பதற்கு வேறு கணக்கு தேவையில்லை. நியூயார்க் சட்டமன்ற உறுப்பினரின் ஆண்டுச் சம்பளம் 1,500 டாலர். 1874இல் செய்த அரசியல் சாசனத் திருத்தம் நிர்ணயித்த தொகை அது. கூடவே பத்து மைலுக்கு ஒரு டாலர் வீதம் பயணப்படி. ஆக, ஒரு வாக்கின் விலை ஒரு வருடச் சம்பளத்தைவிட அதிகம்.

எதற்கான வாக்கு அது? வாஷிங்டன் செனட்டுக்கு யாரை அனுப்புவது என்பதற்கான வாக்கு. 1787இல் எழுதிய அமெரிக்க அரசியல் சாசனப்படி, ஒவ்வொரு மாநிலத்துக்கும் செனட்டில் இரண்டு இடம். அந்த இருவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்க முடியாது. மாநிலச் சட்டமன்றம்தான் தேர்ந்தெடுக்கும். 1913 வரை இதுதான் நடைமுறை. ஆகவே 19ஆம் நூற்றாண்டில் ஒரு விவசாயி தன் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினருக்கு வாக்குப் போட்டபோது, கால்வாய்க்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும் போடவில்லை. வாஷிங்டனில் யார் உட்காருவது என்பதற்கும் சேர்த்தே போட்டார். பல நேரங்களில் அது அவருக்கே தெரிந்திருக்காது.

எப்படி வாக்களிப்பது என்பதை 1866இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டமாகவே எழுதிவைத்தது. அதற்கு முன்பு ஒவ்வொரு மாநிலமும் தன் இஷ்டத்துக்கு நடத்திக்கொண்டிருந்தது. புதிய சட்டப்படி, காலியிடம் பற்றிய அறிவிப்பு வந்த பிறகு வரும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, இரண்டு அவைகளும் தனித்தனியாக வாக்களிக்க வேண்டும். ரகசிய வாக்கு கிடையாது. பெயரைக் கூப்பிட, உறுப்பினர் எழுந்து தன் வேட்பாளரின் பெயரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இரண்டு அவையிலும் ஒரே ஆளுக்குப் பெரும்பான்மை கிடைத்தால் வேலை முடிந்தது. கிடைக்காவிட்டால் மறுநாள் நண்பகல் 12 மணிக்கு இரண்டு அவைகளும் ஒன்றாகக் கூடி வாக்களிக்கும். அப்போதும் முடியாவிட்டால் அதற்கடுத்த நாள் நண்பகல். முடிவு வரும்வரை தினமும் குறைந்தது ஒரு வாக்கெடுப்பு.

நம் மாநிலங்களவைத் தேர்தலைத் தெரிந்தவர்களுக்கு இது பழகிய ஏற்பாடு போலத் தோன்றும். ஆனால் நம்மிடம் இருப்பது விகிதாசார முறை. முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம் என்று எண்ணி ஒரே நாளில் ஆட்களைத் தேறவைத்துவிடலாம். அமெரிக்கர்களிடம் அந்த வடிகட்டி இல்லை. கடைசியில் வந்தவரை யாரும் நீக்கமாட்டார்கள். பாதிக்கு மேல் யாருக்காவது விழும்வரை அதே பெயர்கள் அதே எண்ணிக்கையோடு வந்துகொண்டே இருக்கும். வேகப்படுத்துவதற்கென்று எழுதிய சட்டம்தான் இழுபறிக்கு ஒரு தினசரி அட்டவணையும் போட்டுக்கொடுத்தது.

1881ஆம் ஆண்டுச் சட்டமன்றம் நியூயார்க்கின் 104ஆவது சட்டமன்றம். ஜனவரி 4ஆம் தேதி கூடியது. மேலவையான மாநில செனட்டில் 32 பேர், கீழவையான அசெம்பிளியில் 128 பேர். செனட்டர்களுக்கு இரண்டு ஆண்டுப் பதவி. அசெம்பிளி உறுப்பினர்களுக்கு ஒரே ஓர் ஆண்டு. ஒவ்வொரு நவம்பரிலும் மறுபடி மக்களிடம் போயாக வேண்டும். இந்த செனட்டர்கள் 1879 நவம்பரில் வென்றவர்கள், அசெம்பிளிக்காரர்கள் 1880 நவம்பரில் வென்றவர்கள். இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு: இரண்டு தரப்புக்கும் பதவிக்காலம் முடிவது 1881 இறுதியில். அந்த அவைகளில் உட்கார்ந்திருந்த 160 பேரில் ஒருவர் விடாமல் எல்லோரும், மறுபடி வேண்டுமென்றால், அந்த நவம்பரில் வாக்காளரைப் பார்க்க வேண்டியவர்கள்.

கட்சிக் கணக்கில் குடியரசுக் கட்சிக்கு அசைக்க முடியாத பலம். 160 பேரில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு அவர்கள். எல்லோரும் வந்திருந்தால் பெரும்பான்மைக்கு வேண்டியது 81. அதற்கு மேல் இருபதுக்கும் அதிகமானோர் கையிருப்பு. ஜனநாயகக் கட்சியால் எதையும் தடுக்க முடியாது. அப்படியிருந்தும் இரண்டு செனட்டர்களைத் தேர்ந்தெடுக்க மே 31 முதல் ஜூலை 22 வரை ஆனது, 56 வாக்கெடுப்புகள் தேவைப்பட்டன.

உறுப்பினர்கள் பல ரகம். வக்கீல்கள், வியாபாரிகள், ஊரில் செல்வாக்குள்ள நிலக்காரர்கள். மாநில செனட்டில் வெப்ஸ்டர் வாக்னர் என்றொருவர் இருந்தார். ரயில்களில் படுக்கை வசதியும் சொகுசு இருக்கையும் கொண்ட பெட்டிகளைத் தயாரித்து விற்றவர். 1882 ஜனவரியில் ஆல்பனியிலிருந்து நியூயார்க் நகரம் நோக்கிப் போன ரயில் விபத்தில், தான் தயாரித்த பெட்டியிலேயே நசுங்கி இறந்தார். நம் கதைக்கு அவர் முக்கியமில்லை, ஆனால் இந்தச் சட்டமன்றத்தின் உறுப்பினர் பட்டியலைப் பார்க்கும்போதெல்லாம் அவர் பெயரில் கண் நிற்கிறது.

கட்டடத்தையும் சொல்லிவிட வேண்டும். ஆல்பனியின் புதிய கேப்பிடல் அப்போது பாதி முடிந்த நிலையில் இருந்தது. அசெம்பிளி 1879இலேயே தன் புதிய அவைக்குள் போய்விட்டது. கல்லால் வளைத்த பிரம்மாண்டமான கூரை, சுவரில் வில்லியம் மோரிஸ் ஹண்ட் தீட்டிய ஓவியங்கள். அந்தக் கூரை வெகு சீக்கிரமே விரிசல் விட்டு, பத்து ஆண்டுகளுக்குள் பிரித்தெடுக்க வேண்டியதாயிற்று. மாநில செனட் தன் புதிய அவைக்குக் குடிபோனது 1881 மார்ச்சில், இந்தக் கூட்டத்தொடரின் நடுவில்தான்.

இனி ஆட்களுக்கு வருவோம்.

ராஸ்கோ கான்க்லிங் 1867 முதல் நியூயார்க்கின் செனட்டர். நெடிய உருவம், நெற்றியில் விழும் ஒரு சுருள் முடி, கண்ணைப் பறிக்கும் உடை. அவருடைய நடையை 1866இல் ஜேம்ஸ் பிளெய்ன் என்ற சக உறுப்பினர் வான்கோழியின் நடை என்று அவையிலேயே கிண்டல் செய்தார். அதற்குப் பிறகு இருவரும் சாகும்வரை சேரவில்லை. குடியரசுக் கட்சிக்குள் கான்க்லிங்கின் அணிக்கு ஸ்டால்வார்ட் என்று பெயர். கட்சிக்கு உழைத்தவனுக்கு அரசு வேலை, வேலை கிடைத்தவன் சம்பளத்திலிருந்து கட்சிக்குப் பணம் என்பது அவர்களுடைய வெளிப்படையான சித்தாந்தம். எதிரணியை ஹாஃப்-பிரீட் என்று ஏளனமாக அழைத்தார்கள். பிளெய்ன் அந்தப் பக்கம்.

கான்க்லிங் அணியின் கோட்டை சட்டமன்றமோ கட்சி அலுவலகமோ அல்ல, நியூயார்க் துறைமுகச் சுங்க அலுவலகம். நாட்டின் சுங்க வருவாயில் பாதிக்கும் மேல் அந்த ஒரு துறைமுகத்தில் வசூலானது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வேலைகள் அங்கே இருந்தன. 1877இல் அதன் மூன்று பெரிய நாற்காலிகளிலும் கான்க்லிங்கின் ஆட்களே உட்கார்ந்திருந்தார்கள். தலைமைச் சுங்க அதிகாரி செஸ்டர் ஆர்தர். அடுத்த இடத்தில் அலோன்ஸோ கார்னல். மூன்றாமவர் ஜார்ஜ் ஷார்ப். உள்நாட்டுப் போரில் வடக்குப் படைகளுக்காக உளவுப் பிரிவை நடத்தியவர். அன்றைய அதிபர் ஹேய்ஸ் அந்த மூவரையும் அப்புறப்படுத்துவதில் பிடிவாதமாக இருந்தார், 1878க்குள் சாதித்தும் காட்டினார்.

மூவரும் 1881இல் எங்கே இருந்தார்கள் என்று பாருங்கள். ஆர்தர் அமெரிக்காவின் துணை அதிபர். கார்னல் நியூயார்க் மாநில ஆளுநர். ஷார்ப் அசெம்பிளியின் அவைத்தலைவர். பிராட்லி பணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தது அவரிடம்தான். சுங்க அலுவலகத்திலிருந்து வெளியே தள்ளப்பட்ட மூவர் மூன்றே ஆண்டில் இந்த உயரத்துக்கு வந்தார்கள் என்றால், கான்க்லிங் இயந்திரம் எவ்வளவு பலமாக ஓடியது என்பது புரியும். தன்னை யாராலும் தொட முடியாது என்று அவர் நினைத்ததிலும் நியாயம் இருக்கிறது.

எதிர்ப்பக்கம் ஒருவர்: வில்லியம் ராபர்ட்சன். வெஸ்ட்செஸ்டர் மாவட்டத்து முன்னாள் நீதிபதி, மாநில செனட்டர், அந்த செனட்டின் தற்காலிகத் தலைவர். 1880இல் சிகாகோவில் நடந்த குடியரசுக் கட்சி மாநாட்டில், முன்னாள் அதிபர் கிராண்டை மூன்றாம் முறையாக நிறுத்த கான்க்லிங் பாடுபட்டார். நியூயார்க் பிரதிநிதிகள் மொத்தமாக கிராண்டுக்கே வாக்களிக்க வேண்டும் என்பது அவர் கட்டளை. ராபர்ட்சன் ஒரு கூட்டத்தைப் பிரித்துக்கொண்டு போய் பிளெய்னுக்கு வாக்களித்தார். 36ஆவது வாக்கெடுப்பில் இரண்டு பேரும் இல்லாமல் ஜேம்ஸ் கார்ஃபீல்டு வேட்பாளரானார். கான்க்லிங் அணியைச் சமாதானப்படுத்த ஆர்தருக்குத் துணை அதிபர் இடம் போனது. இருவரும் தேர்தலில் வென்றார்கள். ராபர்ட்சன் செய்ததை கான்க்லிங் மறக்கவில்லை.

1881 ஜனவரியில் இந்தச் சட்டமன்றம் வாஷிங்டனுக்கு ஒரு செனட்டரைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. அது சுலபமாக முடிந்த தேர்தல். கான்க்லிங்கின் சீடர் தாமஸ் பிளாட் வென்றார். ஓவிகோ ஊர்க்காரர், பார்சல் கம்பெனி ஒன்றின் தலைவர். ஆனால் அவர் வென்றது சொந்த அணியின் பலத்தால் மட்டுமில்லை. ஹாஃப்-பிரீட் அணியின் வேட்பாளர் டெப்யூ விலகிக்கொண்டு, தன் பக்கத்து வாக்குகளை பிளாட்டுக்குத் திருப்பிவிட்டார். பதிலுக்கு பிளாட் ஒரு வாக்குறுதி கொடுத்தார்: கார்ஃபீல்டு யாரை நியமித்தாலும் செனட்டில் ஆதரிப்பேன், ராபர்ட்சனின் ஆட்களாக இருந்தாலும் சரி. தேர்தல் ஜனவரி 18. வாக்குறுதிக்குச் சோதனை வர இரண்டு மாதம்கூட ஆகவில்லை என்று சொன்னால் கொஞ்சம்தான் மிகை.

மார்ச் 23ஆம் தேதி அதிபர் கார்ஃபீல்டு ஒரு பெயரை வாஷிங்டன் செனட்டின் ஒப்புதலுக்கு அனுப்பினார். நியூயார்க் துறைமுகத்தின் தலைமைச் சுங்க அதிகாரியாக வில்லியம் ராபர்ட்சன்.

கோட்டையின் சாவி எதிரியின் கையில். ஒரு மாநிலத்துக்கான நியமனங்களை அந்த மாநிலத்து செனட்டர்களைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும் என்பது எழுதாத மரபு. அதிபர் என்பவர் செனட் சொல்வதைப் பதிவு செய்யும் எழுத்தரா, நிர்வாகத் தலைவரா என்பதே கேள்வி என்றார் கார்ஃபீல்டு. மே 5ஆம் தேதி இன்னும் ஒரு படி போனார். நியூயார்க் தொடர்பாகத் தான் அனுப்பியிருந்த மற்றப் பெயர்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, ராபர்ட்சன் பெயரை மட்டும் தனியே விட்டுவைத்தார். கான்க்லிங் ஆட்களின் நியமனங்களை முதலில் முடித்துக்கொண்டு ராபர்ட்சனைக் கிடப்பில் போடலாம் என்ற வழி அத்தோடு அடைபட்டது.

பிளாட்டின் பாடு திண்டாட்டம். ஆதரித்தால் குருத் துரோகம், எதிர்த்தால் வாக்குத் தவறுதல். அந்தச் சங்கடத்திலிருந்து பிறந்ததுதான் ராஜினாமா யோசனை. இருவரும் பதவி விலகுவோம். ஆல்பனிச் சட்டமன்றம் நம்மையே மறுபடி தேர்ந்தெடுக்கும். மாநிலமே நம் பக்கம் என்று அதிபரிடம் காட்டலாம். மே 16ஆம் தேதி வாஷிங்டன் செனட்டில் இரண்டு ராஜினாமாக் கடிதங்களும் வாசிக்கப்பட்டன. தலைவர் நாற்காலியில் இருந்து அறிவித்தவர் அவர்களுடைய ஆளான ஆர்தர். இரண்டு நாள் கழித்து செனட் ராபர்ட்சனை உறுதிசெய்தது. பத்திரிகைகள் பிளாட்டுக்கு "மீ டூ" என்று பட்டம் சூட்டின. தலைவர் போனால் நானும் போகிறேன் என்கிற சிறுவன் பெரியவரின் பாக்கெட்டிலிருந்து எட்டிப்பார்ப்பதாகக் கேலிச்சித்திரம் போட்டன.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இங்கேயே தீர்ப்பு எழுதிவிடுவார்கள்: கர்வம் பிடித்த மனிதன் கர்வத்தால் கெட்டான். எனக்கு அது போதவில்லை. கர்வத்தைவிடக் கணக்குத்தான் அவரைக் கவிழ்த்தது. ஜனவரியில் பிளாட்டுக்கு விழுந்த வாக்குகளை கான்க்லிங் தன்னுடைய வாக்குகள் என்று எண்ணிக்கொண்டார். அவற்றில் ஒரு பகுதி டெப்யூ கொடுத்த கடன். மிச்சமிருந்ததிலும் பாதி, வேலை வாங்கிக்கொடுக்கும் கை எது என்று பார்த்து வந்த விசுவாசம். ராபர்ட்சன் உறுதியான பிறகு அந்தக் கை மாறிவிட்டது. போதாததற்கு நவம்பர் வருகிறது, 160 பேரும் ஊருக்குப் போக வேண்டும். ஒரு சுங்க வேலைக்காக மாநிலத்தின் இரண்டு செனட் இடங்களையும் தூக்கி எறிந்தவருக்கு ஏன் வாக்களித்தாய் என்று கேட்கும் வாக்காளருக்கு அவர்களிடம் பதில் இல்லை.

கான்க்லிங் முதலில் நேரே ஆல்பனிக்கு வரவே தயங்கினார். சட்டமன்றம் தானாகத் தேர்ந்தெடுக்க வேண்டியவர், வாசலில் நின்று கேட்பதா? நிலைமை மோசம் என்று தெரிந்த பிறகு வந்துசேர்ந்தார். துணை அதிபர் ஆர்தரும் கூடவே வந்து உறுப்பினர்களைப் பார்த்துப் பேசினார். நாட்டின் இரண்டாவது பெரிய பதவியில் இருப்பவர் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்களிடம் வாக்குச் சேகரிப்பது அந்தக் காலத்திலேயே முகம் சுளிக்க வைத்தது. ஆளுநர் கார்னலிடமிருந்து எதிர்பார்த்த உதவி வரவில்லை.

உண்மையான அரசியல் நடந்த இடம் கேப்பிடல் கட்டடம் அல்ல, டெலவன் ஹவுஸ் என்ற ஹோட்டல். ஆல்பனிக்கு வரும் உறுப்பினர்களும் தரகர்களும் தங்கும் இடம். ஒரே கூரையின் கீழ் இரண்டு அணிகளும் அறை எடுத்திருந்தன. இரவில் ஆள் பிடிப்பது, எண்ணிப் பார்ப்பது, மறுநாள் நண்பகலில் குன்றின் மேலிருக்கும் கேப்பிடலுக்குப் போய்ப் பெயரை உச்சரிப்பது, மறுபடி இறங்கி வருவது.

முதல் வாக்கெடுப்பு மே 31, செவ்வாய்க்கிழமை. குடியரசுக் கட்சி உறுப்பினர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே கான்க்லிங்கின் பெயரைச் சொன்னார்கள். பிளாட்டுக்கு அதைவிடவும் குறைவு. மீதியிருந்த குடியரசுக் கட்சி வாக்குகள் டெப்யூ, ஆளுநர் கார்னல், முன்னாள் துணை அதிபர் வீலர் என்று பல பெயர்களுக்குச் சிதறின. ஜனநாயகக் கட்சிக்காரர்கள் மட்டும் சிந்தாமல் சிதறாமல் தங்கள் வேட்பாளர்களுக்கே போட்டார்கள். எண்ணிக்கையில் சிறிய கட்சிதான் பல நாட்கள் பட்டியலில் முதலிடத்தில் நின்றது.

கட்சிக்குள் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வருவதுதான் வழக்கம். உள்கூட்டத்தில் பெரும்பான்மை யாருக்கோ, எல்லோரும் அவருக்கே வாக்களிப்பார்கள். ஜனவரியில் பிளாட் அப்படித்தான் வந்தார். இந்த முறை கான்க்லிங்கின் எதிரிகள் அந்த உள்கூட்டத்துக்கே வர மறுத்தார்கள். உள்ளே போனால் கட்சிக் கட்டுப்பாடு என்ற கயிறு விழும், கான்க்லிங்குக்குப் பழகிய ஆயுதம் அது என்று அவர்களுக்குத் தெரியும். வெளியே நின்றால் அவருக்குத் தடை போடலாம். ஆனால் அவர்களிடமும் 81 பேர் ஒத்துக்கொள்ளும் ஒரு பெயர் இல்லை. டெப்யூ நியூயார்க் சென்ட்ரல் ரயில்வே கம்பெனியின் வக்கீல். கிராமப்புறத்து உறுப்பினர்கள் பலருக்கு ரயில்வே என்றாலே ஆகாது. பிராட்லி 2,000 டாலரைக் கொண்டுவந்து காட்டிய பிறகு அந்தச் சந்தேகம் இன்னும் கெட்டியானது.

ஜூன் முழுக்க இப்படியே போனது. ஒவ்வொரு நண்பகலும் அதே பெயர்கள், ஏறக்குறைய அதே எண்கள். வழக்கமாக மே மாதத்தோடு முடிய வேண்டிய கூட்டத்தொடர். சம்பளம் ஆண்டுக் கணக்கில் என்பதால் கூடுதல் நாட்களுக்குக் கூடுதல் பணம் கிடையாது. ஊரில் அறுவடை, கடை, வழக்கு எல்லாம் காத்திருந்தன. எதிரணியைச் சேர்ந்த ஒருவரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு இருவருமாக ஊருக்குப் போய்விடுவதும் நடந்தது. ஒருவர் வராததை இன்னொருவர் வராதது ஈடுகட்டிவிடும் அல்லவா.

பிறகு ஏணி. ஜூன் கடைசி நாள் இரவு, டெலவன் ஹவுஸில் பிளாட்டின் அறை வாசலில் எதிரணி ஆட்கள் சிலர் ஓர் ஏணியைச் சாத்தி, கதவுக்கு மேலிருக்கும் சிறிய கண்ணாடித் திறப்பு வழியாக ஒருவர் பின் ஒருவராக எட்டிப் பார்த்தார்கள் என்று சொல்வார்கள். உள்ளே பிளாட்டோடு இருந்தது அவர் மனைவி இல்லை. விடிவதற்குள் ஊர் முழுக்கச் செய்தி. மறுநாள், ஜூலை 1, பிளாட் போட்டியிலிருந்து விலகினார். கட்சி ஒற்றுமைக்காக என்று காரணம் சொன்னார்கள்.

அதற்கு மறுநாள் காலை வாஷிங்டன் ரயில் நிலையத்தில் சார்லஸ் கிட்டோ என்பவன் கார்ஃபீல்டைச் சுட்டான். வேலை கேட்டு அலைந்து கிடைக்காதவன். நான் ஸ்டால்வார்ட், இனி ஆர்தர்தான் அதிபர் என்று பிடிபட்ட இடத்திலேயே சொன்னான். அந்தக் காலையில் ஆர்தரும் கான்க்லிங்கும் ஆல்பனியிலிருந்து இரவு நீராவிக் கப்பலில் ஒன்றாக வந்து நியூயார்க் நகரத்தில் இறங்கினார்கள். கரையில் அவர்களுக்குக் காத்திருந்த செய்தி இது. அவர்களுக்கும் சுட்டவனுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு கான்க்லிங்கின் பெயரை நண்பகலில் எழுந்து வாய்விட்டுச் சொல்வது எவ்வளவு கடினமாகியிருக்கும்! ரகசிய வாக்காக இருந்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கலாம்.

பிறகு எல்லாம் விரைவாக நடந்தது. ஜூலை 8ஆம் தேதி டெப்யூ விலகினார். கான்க்லிங்கின் எதிரிகள் கூடி இரண்டு பெயர்களில் ஒன்றுபட்டார்கள். இருவருமே அப்போது வாஷிங்டன் கீழவை உறுப்பினர்கள். ஒருவர் வார்னர் மில்லர், மரக்கூழிலிருந்து காகிதம் செய்யும் ஆலைக்காரர். மற்றவர் கேனன்டேகுவா ஊர் வக்கீல் எல்பிரிட்ஜ் லேப்பம். ஜூலை 16ஆம் தேதி, 48ஆவது வாக்கெடுப்பில் மில்லர் பிளாட்டின் இடத்துக்குத் தேர்வானார். கான்க்லிங்கின் ஆட்கள் இன்னும் ஆறு நாள் தாக்குப்பிடித்தார்கள். ஜூலை 22ஆம் தேதி, 56ஆவது வாக்கெடுப்பில் லேப்பம். மறுநாள் சட்டமன்றம் கலைந்தது. ராபர்ட்சன் மாநில செனட்டை விட்டுச் சுங்க அலுவலகப் பொறுப்பை ஏற்றதும் இதற்குப் பிறகுதான்.

ஆல்பனியின் இழுபறிக்கு வாஷிங்டனில் ஒரு விலை இருந்தது. அன்றைய வாஷிங்டன் செனட்டில் 76 இடங்கள். இரண்டு கட்சிகளுக்கும் தலா 37, மீதி இரண்டு பேர் தனி. நியூயார்க்கின் இரண்டு இடங்களும் காலியானதும் தராசு ஜனநாயகக் கட்சிப் பக்கம் சாய்ந்தது. துணை அதிபருக்கு அடுத்து அதிபராகும் வரிசையில் இருப்பவர் செனட்டின் தற்காலிகத் தலைவர். ஜனநாயகக் கட்சிக்காரர் யாரும் அந்த இடத்துக்கு வந்துவிடக்கூடாது என்பதற்காக, அப்படி ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பையே ஆர்தர் அந்த மே மாதத்தில் கொடுக்கவில்லை. செப்டம்பர் 19ஆம் தேதி கார்ஃபீல்டு இறந்தார், ஆர்தர் அதிபரானார். துணை அதிபர் இல்லை, செனட்டின் தற்காலிகத் தலைவர் இல்லை, புதிய கீழவை கூடாததால் அதன் அவைத்தலைவரும் இல்லை. மூன்று வாரம் ஆர்தருக்குப் பின்னால் அந்த வரிசையில் ஒருவருமே கிடையாது. அக்டோபர் 10ஆம் தேதி செனட் கூடியபோது, மில்லரும் லேப்பமும் பதவியேற்பதற்கு முன்பாகவே ஜனநாயகக் கட்சியினர் தாமஸ் பேயார்டைத் தற்காலிகத் தலைவராக்கிவிட்டார்கள். மூன்று நாள் அவர் இருந்தார். பிறகு டேவிட் டேவிஸ் என்ற கட்சி சாராதவர் வந்தார்.

ஆர்தர் அதிபரானதும் எல்லோரும் எதிர்பார்த்தது ராபர்ட்சனின் பதவி நீக்கத்தை. கான்க்லிங்கும் அதைத்தான் எதிர்பார்த்தார். ஆர்தர் கைவைக்கவில்லை, ராபர்ட்சன் 1885 வரை இருந்தார். 1883 ஜனவரியில், தேர்வு எழுதி அரசு வேலைக்கு வரும் முறையைத் தொடங்கிய பெண்டில்டன் சட்டத்தில் கையெழுத்துப் போட்டவரும் ஆர்தர்தான், அதாவது பழைய சுங்க அதிகாரி. 1882இல் கான்க்லிங்குக்கு உச்ச நீதிமன்ற நீதிபதிப் பதவியை அவர் கொடுத்தார். செனட் உறுதிசெய்த பிறகு கான்க்லிங் வேண்டாம் என்றுவிட்டார். பிறகு அவர் எந்தப் பதவிக்கும் வரவில்லை. பிளாட் விஷயம் வேறு. ஏணியும் கேலிச்சித்திரமும் அவரை ஒன்றும் செய்யவில்லை. பொறுமையாக மாநிலக் கட்சியைத் தன் கைக்குள் கொண்டுவந்து, 1897இல் அதே ஆல்பனிச் சட்டமன்றத்தின் வாக்கில் வாஷிங்டன் செனட்டுக்குத் திரும்பி, இரண்டு முழுப் பதவிக்காலம் இருந்தார். உறுப்பினர்களை எண்ணத் தெரிந்தவர் யார் என்பது இப்போது புரிந்திருக்கும்.

1881 நவம்பரில் 160 இடங்களுக்கும் தேர்தல் வந்தது. ஜூலைவரை சண்டை போட்ட குடியரசுக் கட்சி அசெம்பிளியை இழந்தது. 67 இடம் ஜனநாயகக் கட்சிக்கு, 61 இவர்களுக்கு. வென்றவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. நியூயார்க் நகரத்து ஜனநாயகக் கட்சியின் டாமனி ஹால் கோஷ்டி தனக்கு வேண்டியது கிடைக்கும்வரை வாக்களிக்க மறுக்க, அவைத்தலைவரைத் தேர்ந்தெடுக்கவே பிப்ரவரி 2 ஆகிவிட்டது. அந்த வீணான ஜனவரியில் பின்வரிசையில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த புது உறுப்பினர்களில் ஒருவருக்கு வயது 23. பெயர் தியோடர் ரூஸ்வெல்ட்.

அதே குடும்பத்தின் இன்னொரு இளைஞர், ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட், 1911இல் மாநில செனட்டராக அதே கட்டடத்துக்கு வந்தார். அந்த ஆண்டும் வாஷிங்டன் செனட்டரைத் தேர்ந்தெடுப்பதில் இழுபறி. இந்த முறை ஜனநாயகக் கட்சிக்குள். டாமனி ஹால் நிறுத்திய வில்லியம் ஷீஹனை எதிர்த்து நின்ற கலகக் கூட்டத்தின் முகமாக ஃபிராங்க்ளின் இருந்தார். ஜனவரியில் தொடங்கிய வாக்கெடுப்பு மார்ச் கடைசிவரை நீண்டது. மார்ச் 29 அதிகாலையில் கேப்பிடலில் தீப்பிடித்து மாநில நூலகம் எரிந்து சாம்பலானது. உறுப்பினர்கள் நகர மன்றக் கட்டடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்து, மார்ச் 31ஆம் தேதி ஜேம்ஸ் ஓ'கார்மன் என்ற நீதிபதியைத் தேர்ந்தெடுத்தார்கள். நியூயார்க் சட்டமன்றம் தேர்ந்தெடுத்த கடைசி செனட்டர் அவர். செனட்டர்களை இனி மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுப்பார்கள் என்ற 17ஆவது திருத்தம் நடைமுறைக்கு வந்துவிட்டதாக வாஷிங்டனில் அறிவித்த நாள் 1913 மே 31. ஆல்பனியில் கான்க்லிங்கின் பெயரை முதல்முறையாக வாசித்து, மூன்றில் ஒரு பங்குதான் என்று எண்ணி முடித்த அதே தேதி, 32 ஆண்டு கழித்து.